தகட்டை வெட்டும் முன் தாளை அளக்க வேண்டும்

திருவாரூர் மாவட்டத்திலிருந்து மகளிர் குழு ஒன்றைச் சேர்ந்த வாசகி ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி:

“எங்கள் குழுவில் நான்கு கோனோ வீடர் இருக்கிறது. கைப்பிடி, சட்டம் எல்லாம் நன்றாக இருக்கிறது. உருளைகள் மட்டும் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டன. உருளையை நாமே தகட்டில் வெட்டிச் செய்யலாம் என்று முழு அளவு வரைபடம் ஒன்றைப் பயிற்சியில் கொடுத்தார்கள். அது பெரிய தாளுக்கானது. கம்ப்யூட்டர் சென்டரில் அதைச் சின்னச் சின்னப் பக்கமாகப் பிரித்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் மகளின் படிப்புக்காக வாங்கிய பிரின்டரில் எடுத்து ஒட்டினோம். கோடுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று சரியாகச் சேர்ந்தன. அதை வைத்து இரண்டு உருளைக்குத் தகடு வெட்டி வளைத்தால், 160 மி.மீ. வட்ட மூடியைச் சுற்றி வரவில்லை. 19 மி.மீ. எட்டவில்லை. வரைபடம் தப்பா, பட்டறையில் தப்பா? நடவு முடிந்துவிட்டது. பத்தாவது நாள் களை எடுக்க வேண்டும். என்ன செய்வது?”

வரைபடத்திலும் தவறு இல்லை, பட்டறையிலும் தவறு இல்லை. தவறு நடந்தது பிரின்டரில். அது எப்படி நடந்தது என்பதற்கு அந்த 19 மி.மீ. இடைவெளியே சாட்சி.

19 மி.மீ. சொல்லும் கதை

உருளையின் பெரிய பக்க விட்டம் 160 மி.மீ., சின்னப் பக்க விட்டம் 80 மி.மீ., இரண்டுக்கும் இடையே உயரம் 100 மி.மீ. என்று வரைபடத்தில் எழுதியிருப்பதாக வாசகி குறிப்பிட்டிருக்கிறார். 160 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 503 மி.மீ. தகட்டின் வெளி வளைவு இந்த நீளம் இருக்க வேண்டும். அதில் 19 குறைந்தால் 484. அதாவது, தகடு 100-க்கு 96.2 என்ற அளவில் சிறுத்திருக்கிறது.

இந்த 96.2 எங்கிருந்து வந்தது? ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ., நீளம் 297 மி.மீ. வீட்டு பிரின்டர்கள் பெரும்பாலும் தாளின் விளிம்பு வரை அச்சிடுவதில்லை. தாளைப் பிடித்து இழுக்க ஓரத்தில் கொஞ்சம் இடம் வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. விட்டால், அகலத்தில் மிஞ்சுவது 202 மி.மீ. 202-ஐ 210-ஆல் வகுத்தால் 96.2 சதவிகிதம். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

கம்ப்யூட்டர் சென்டரில் பிரித்துக் கொடுத்த பக்கங்கள் ஏ4 தாளின் விளிம்பு வரை நிறைந்திருக்கின்றன. வீட்டு பிரின்டருக்கு அந்த விளிம்பு எட்டாது. ‘ஃபிட்’ என்ற அமைப்பு இயங்கினால், எதையும் வெட்டாமல் மொத்தப் பக்கத்தையும் கொஞ்சம் சுருக்கி உள்ளே அடக்கிவிடும். பல கம்ப்யூட்டர்களில் இதுதான் தானாகவே தேர்வாகியிருக்கும். கடிதம் எழுதவோ ரசீது எடுக்கவோ இந்தச் சுருக்கம் ஒரு பொருட்டே இல்லை. தகடு வெட்டுவதற்கு அது நஷ்டம்.

ஏமாற்றம் தருவது இன்னொன்று. எல்லாப் பக்கங்களும் ஒரே அளவில் சுருங்குவதால், ஓரத்தை வெட்டி ஒட்டும்போது கோடுகள் பிசகாமல் சேரும். “கோடு சேர்ந்துவிட்டது, அளவும் சரியாக இருக்கும்” என்று நினைக்கத் தோன்றும். கோடு சேருவது ஒட்டிய வேலைக்குத்தான் சான்று. அளவுக்குச் சான்று ஸ்கேல் மட்டும்தான்.

வெட்டிய தகடு வீணில்லை

அவசரத்துக்கு முதலில் இதைப் பார்க்கலாம். தகடு எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் சிறுத்திருப்பதால், அதை வளைத்தால் வருவதும் முறையான உருளைதான். கொஞ்சம் சின்ன உருளை, அவ்வளவே. பெரிய பக்க விட்டம் 160-க்குப் பதில் 154 மி.மீ., சின்னப் பக்கம் 80-க்குப் பதில் 77 மி.மீ., உயரம் 100-க்குப் பதில் சுமார் 96 மி.மீ.

தகட்டைப் பெரிதாக்க முடியாது. மூடியைச் சிறிதாக்க முடியும். பட்டறையில் வட்ட மூடிகளை லேத்தில் கொடுத்து 154-க்கும் 77-க்கும் கடைந்துகொண்டால் தகடு பொருந்திவிடும். உயரத்தில் குறையும் 4 மி.மீ. இடத்தை அச்சில் வாஷர் போட்டு நிரப்பலாம், உருளை பக்கவாட்டில் ஆடாது. ஒரு கோனோ வீடரில் இரண்டு உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக, எதிரெதிர் திசை பார்த்து இருக்கும். அந்த இரண்டும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். வெட்டிய இரண்டு தகடும் ஒரே அச்சிலிருந்து வந்தவை என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. இரண்டையும் ஒரே கருவியில் போட வேண்டும். ஒரு பக்கம் புது அளவு, மறுபக்கம் பழைய உருளை என்று கலந்து போட்டால், கருவி மேடு பள்ளமாக ஓடி சேற்றில் குத்தும்.

வட்ட மூடியைக் கடைவதற்கு முன் அச்சுத் துளை நடுவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. துளை விலகியிருந்தால் உருளை சுற்றும்போது தூக்கித் தூக்கிப் போடும்.

மீதி மூன்று கருவிகளுக்கான ஆறு உருளைகளைச் சரியான அளவில் அச்செடுத்து வெட்டலாம். அதற்கான முறை கீழே.

பெரிய வரைபடத்தைப் பிரிக்கும் கணக்கு

தாள் அளவுகளில் ஓர் ஒழுங்கு உண்டு. ஏ4 இரண்டைச் சேர்த்தால் ஏ3. ஏ3 இரண்டு சேர்ந்தால் ஏ2. ஏ2 இரண்டு சேர்ந்தால் ஏ1. ஆக, ஏ1 தாள் என்பது எட்டு ஏ4. அதன் அளவு 594 மி.மீ. அகலம், 841 மி.மீ. நீளம். ஏ0 என்றால் பதினாறு ஏ4.

ஆனால், எட்டு தாளில் ஏ1 வரைபடத்தை அச்சிட முடியாது. தாளுக்குத் தாள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டுவதற்கு இடம் வேண்டும். வீடு வேய்பவர் ஓட்டின்மேல் ஓடு ஏற்றி வைப்பது போலத்தான். இந்த ஏற்றம் 15 மி.மீ. இருந்தால் வசதி. ஒவ்வொரு தாளிலும் பிரின்டர் விழுங்கும் 4 மி.மீ. விளிம்பு, அடுத்தடுத்த இரண்டு தாளுக்கும் சேர்த்து 8 மி.மீ. அது இந்த 15-க்குள் அடங்கிவிடும். கோடு எதுவும் காணாமல் போகாது, ஒட்டவும் 7 மி.மீ. மிஞ்சும்.

தாளைப் படுக்கை வாட்டில் வைத்தால் குறுக்கே மூன்று தாள்: 297 மி.மீ. மூன்று முறை, அதில் இரண்டு ஏற்றத்துக்கு 30 கழித்தால் 861. வரைபடத்துக்கு வேண்டியது 841. மேலிருந்து கீழே மூன்று தாள்: 210 மூன்று முறை, 30 கழித்தால் 600. வேண்டியது 594. ஆக, 9 தாளில் முடிந்துவிடும். அதே வரைபடத்துக்குத் தாளை நிமிர்ந்த வாட்டில் வைத்தால், குறுக்கே ஐந்து, கீழே மூன்று என்று 15 தாள் ஆகும். அச்சிடும் முன் தாளின் வாட்டத்தை மாற்றிப் பார்ப்பது ஆறு தாளையும் மையையும் மிச்சப்படுத்தும்.

இந்த உருளைக்கான வடிவம் மட்டும் என்றால் இன்னும் சுருக்கம். விரித்த தகடு விசிறி போல இருக்கும். அதன் அகலம் சுமார் 396 மி.மீ., உயரம் சுமார் 173 மி.மீ. பிரிக்கும்போது வடிவம் சரியான இடத்தில் விழுந்தால் பக்கத்துப் பக்கத்து இரண்டு ஏ4 தாளே போதும். மொத்த வரைபடத்தையும் அச்சிட வேண்டியதில்லை. பிரித்த பக்கங்களைத் திரையில் பார்த்து, வேண்டிய பக்கங்களை மட்டும் எடுக்கலாம்.

அச்செடுக்கும் முறை

1. வரைபடம் பி.டி.எஃப். கோப்பாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி, கோடு மங்கி, எத்தனை மி.மீ. என்ற தகவலே போய்விடும். போனில் திரையைப் படம் பிடித்து அனுப்புவதும் அப்படித்தான்.

2. கம்ப்யூட்டரில் அடோபி ரீடர் மென்பொருளில் கோப்பைத் திறந்து அச்சிடும் பகுதிக்குப் போக வேண்டும். இந்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. போனில் உள்ள அச்சிடும் செயலிகள் பலவற்றில் பக்கத்தைப் பிரிக்கும் வசதி இருக்காது. எனவே இந்த வேலைக்குக் கம்ப்யூட்டரே ஏற்றது.

3. அங்கே ‘போஸ்டர்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வரைபடம் எத்தனை தாளில் வரும் என்று கட்டம் கட்டமாகக் காட்டும். ‘டைல் ஸ்கேல்’ என்ற இடத்தில் 100 என்று இருக்க வேண்டும். ‘ஓவர்லேப்’ என்ற இடத்தில் 15 மி.மீ. கொடுக்க வேண்டும். அங்குலத்தில் கேட்டால் 0.6.

4. ‘கட் மார்க்ஸ்’, ‘லேபிள்ஸ்’ இரண்டையும் தேர்வு செய்துகொண்டால், வெட்ட வேண்டிய மூலைக் குறிகளும், எந்தத் தாள் எந்த இடம் என்பதும் தாளிலேயே அச்சாகும். ஒன்பது தாள் கலைந்துபோனால் அப்போதுதான் இதன் அருமை தெரியும்.

5. தாள் அளவு ஏ4 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கம்ப்யூட்டர்களில் ‘லெட்டர்’ என்ற அமெரிக்க அளவு தானாக அமைந்திருக்கும். அது 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. நீளம். அந்த அளவுக்குப் பிரித்துவிட்டு ஏ4 தாளில் அடக்கி அச்சிட்டால் மறுபடியும் அளவு மாறும்.

6. வெளியே பிரித்து வாங்கி வந்த பக்கங்களாக இருந்தால், வீட்டில் அச்சிடும்போது ‘போஸ்டர்’ தேவையில்லை. ‘ஆக்சுவல் சைஸ்’ என்பதை மட்டும் தேர்வு செய்ய வேண்டும். ‘ஃபிட்’ கூடாது. பிரித்துக் கொடுப்பவரிடம் 15 மி.மீ. ஏற்றம் விடச் சொல்ல வேண்டும். ஏற்றம் விடாமல் விளிம்போடு விளிம்பாகப் பிரித்திருந்தால், ‘ஆக்சுவல் சைஸ்’ கொடுத்தாலும் ஒவ்வொரு இணைப்பிலும் 8 மி.மீ. அச்சாகாமல் போகும். அந்த இடத்தில் தாளை நெருக்கி ஒட்டினால் அளவு குறையும்.

எல்லாத் தாளையும் ஒரேயடியாக அச்சிடக் கூடாது. முதலில் ஒரு தாள் மட்டும்.

ஒரு தாள் சோதனை

நல்ல வரைபடத்தில் சோதனைக் கோடு ஒன்று இருக்கும், ‘இந்தக் கோடு 100 மி.மீ.’ என்று எழுதியிருப்பார்கள். அது இல்லை என்றால், அளவு எழுதப்பட்ட ஏதாவது ஒரு நேர்கோட்டை எடுத்துக்கொள்ளலாம். இரும்பு ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேலில் முனை தேய்ந்திருக்கும். தையல் டேப் இழுபடும்.

குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு என்று இரண்டையும் அளக்க வேண்டும். தாளை இழுக்கும் ரப்பர் உருளை தேய்ந்திருந்தால், தாள் நகரும் திசையில் மட்டும் நீளம் மாறும். 100 மி.மீ. கோடு இரண்டு திசையிலும் 99 என்று வந்தால் டைல் ஸ்கேலில் 101 கொடுத்து ஈடு செய்யலாம். ஒரு திசையில் 100, மறு திசையில் 99 என்றால் ஒரே சதவிகிதத்தில் இரண்டையும் திருத்த முடியாது. வேறு பிரின்டரைப் பார்ப்பது நல்லது.

96 அல்லது 97 என்று வந்தால் ஈடு செய்ய முயல வேண்டாம். ‘ஃபிட்’ எங்கோ இயங்குகிறது என்று பொருள். சில பிரின்டர்களில் ரீடரில் ஒன்று, பிரின்டரின் சொந்த அமைப்பில் ஒன்று என இரண்டு இடத்தில் இந்தத் தேர்வு இருக்கும். இரண்டையும் பார்த்து நிறுத்த வேண்டும்.

ஒட்டும் முறை

ஒவ்வொரு தாளிலும் இடது ஓரமும் மேல் ஓரமும் மட்டும் குறிப்படி வெட்டினால் போதும். வலது ஓரமும் கீழ் ஓரமும் அப்படியே இருக்கட்டும். அதன்மேல்தான் அடுத்த தாள் ஏறும். நான்கு பக்கமும் வெட்டிவிட்டால் ஒட்ட இடமிருக்காது.

பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடிமேல் இரண்டு தாளையும் வைத்தால், கீழ்த்தாளின் கோடு மேல்தாளில் தெரியும். ஏற்றப் பகுதியில் இரண்டு தாளிலும் ஒரே கோடு அச்சாகியிருக்கும். ஒன்றன்மேல் ஒன்று மறையும்படி வைத்து ஒட்டினால் சரி. முதலில் ஒரு வரிசையாக மூன்று மூன்று தாளை ஒட்டிக்கொண்டு, பிறகு வரிசையோடு வரிசையைச் சேர்க்க வேண்டும். ஒரு மூலையில் ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டே போனால் பிசகு சேர்ந்துகொண்டே வரும்.

மைதாப் பசையும் தண்ணீர் கலந்த கோந்தும் வேண்டாம். ஈரத்தில் தாள் விரிந்து, காய்ந்ததும் சுருங்கும். குச்சிக் கோந்து அல்லது பின்பக்கம் செல்லோ டேப் போதும். அடைமழை நாளில் அச்செடுத்த தாளை நாள்கணக்கில் வெளியே போட்டுவைத்து வெட்டுவதையும் தவிர்க்கலாம். தாள் ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும்.

ஒட்டி முடித்ததும் கடைசிச் சோதனை. வீட்டுக்கு வானம் தோண்டும்போது கொத்தனார் இரண்டு மூலைவிட்டத்தையும் கயிறு பிடித்துப் பார்ப்பார். இரண்டும் சமமாக இருந்தால்தான் மூலை மட்டம். இங்கேயும் அதுவே. ஏ1 தாளில் நான்கு மூலை எல்லையையும் எடுத்துக்கொண்டால் மூலைவிட்டம் சுமார் 1,030 மி.மீ. வரைபடத்தின் வெளிக் கட்டத்தை வைத்துப் பார்த்தால் எண் மாறும். ஆனால், இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்பது மாறாது. ஒன்று 3 மி.மீ. கூட, ஒன்று 3 மி.மீ. குறைவு என்றால் ஏதோ ஒரு வரிசை சாய்ந்து ஒட்டியிருக்கிறது.

பிறகு தாளைத் தகட்டின்மேல் ஒட்டி, சென்டர் பஞ்ச் வைத்துக் கோட்டின்மேல் புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொள்ள வேண்டும். தாள் கிழிந்தாலும், நனைந்தாலும், புள்ளி தகட்டில் இருக்கும். முதல் தகட்டை வெட்டியதும் அதையே அச்சாக வைத்து மற்ற ஐந்தையும் வரையலாம். ஆறு முறை தாள் ஒட்ட வேண்டியதில்லை.

தாளே இல்லாமலும் வரையலாம்

உருளை போன்ற ஒழுங்கான வடிவத்துக்கு பிரின்டர் இல்லாமலும் வேலை முடியும். ஓர் ஆணி, ஒரு இரும்புப் பட்டை, ஒரு டேப் போதும்.

160, 80, 100 என்ற அளவுள்ள உருளைக்குச் சாய்வு நீளம் சுமார் 108 மி.மீ. பெரிய பக்கம் சின்னப் பக்கத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு என்பதால், உள் வளைவின் ஆரம் 108 மி.மீ. வெளி வளைவின் ஆரம் அதைப்போல் இரண்டு மடங்கு, சுமார் 215 மி.மீ. பட்டையில் 215 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டு, ஒன்றில் ஆணியை ஊன்றி, மறு துளையில் கூரான குச்சியை வைத்துச் சுற்றினால் வெளி வளைவு. 108 மி.மீ.-ல் துளை போட்டுச் சுற்றினால் உள் வளைவு. கயிறு வேண்டாம், இழுபடும். வெளி வளைவின்மேல் வளையும் டேப்பை வைத்து 503 மி.மீ. அளந்து, இரண்டு முனையையும் ஆணிப் புள்ளியோடு நேர்கோட்டில் இணைத்தால் தகடு தயார்.

முனையோடு முனை வைத்து வெல்டிங் செய்வதாக இருந்தால் இந்த அளவு போதும். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுவதாக இருந்தால் ஒரு பக்கம் 10 மி.மீ. கூட விட வேண்டும். கனமான தகடு என்றால், 160 என்பது உருளையின் வெளி விட்டமா, உள் விட்டமா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2 மி.மீ. தகட்டில் இந்தக் குழப்பம் சுற்றளவை 6 மி.மீ. மாற்றிவிடும்.

பல்லுள்ள பட்டைகள், முன்னால் சறுக்கி ஓடும் மிதவையின் வளைவு போன்றவற்றை இப்படி ஆணி வைத்து வரைய முடியாது. அவற்றுக்குத்தான் முழு அளவுத் தாள் அச்சு உண்மையில் பயன்படும்.

கோனோ வீடர், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கருவி. திருந்திய நெல் சாகுபடியில் 25-க்கு 25 செ.மீ. இடைவெளியில் நட்ட வயலில், நடவு செய்த பத்தாவது நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை ஓட்டப் பரிந்துரைக்கப்படுகிறது. முதல் ஓட்டம் தள்ளிப்போனால் களை வேர்பிடித்துவிடும், பிறகு கருவி அதன்மேல் உருண்டு போகும், அமுக்காது. எனவே, இப்போதைக்குக் கடைந்த மூடியோடு ஒரு கருவியைத் தயார் செய்து முதல் ஓட்டத்தை முடித்துக்கொண்டு, மற்ற மூன்றை இரண்டாவது ஓட்டத்துக்குள் தயார் செய்வது நடக்கக்கூடிய வழி.

சொட்டுநீர்க் குழாய் ஏன் போதவில்லை?

இதே சிக்கலின் இன்னொரு முகம், கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர் ஒருவரின் கேள்வியில் இருக்கிறது. தக்காளி நிலத்துக்கு 1:500 அளவில் போட்ட சொட்டுநீர் வரைபடத்தை வீட்டில் அச்செடுத்து, ஸ்கேலால் அளந்து பக்கவாட்டுக் குழாய் வாங்கியிருக்கிறார். 40 வரிசைக்கும் குழாய் கடைசிவரை எட்டவில்லை.

1:500 என்றால் தாளில் 1 மி.மீ. என்பது நிலத்தில் அரை மீட்டர். 50 மீட்டர் வரிசை தாளில் 100 மி.மீ. இருக்க வேண்டும். 96 சதவிகிதமாகச் சுருங்கிய தாளில் அது 96 மி.மீ. அளந்தால் 48 மீட்டர் என்று வரும். வரிசைக்கு 2 மீட்டர் குறைவு, 40 வரிசைக்கு 80 மீட்டர் குறைவு. ஒவ்வொரு வரிசையின் கடைசிச் செடிகளும் தண்ணீர் காணாது. விடுபட்ட நீளத்துக்கு இணைப்பான் போட்டு ஒட்டுக் குழாய் சேர்க்கலாம். பழைய குழாயைக் கழற்ற வேண்டியதில்லை.

வரைபடத்தில் 1:500 என்று எழுதியிருப்பது அந்த வரைபடம் எந்தத் தாளுக்காகப் போடப்பட்டதோ அந்தத் தாளுக்கு மட்டும்தான் பொருந்தும். ஏ1 வரைபடத்தை ஏ3 தாளில் எடுத்தால் நீளம் பாதியாகிவிடும். எழுத்தில் 1:500 என்றே இருக்கும், உண்மையில் அது 1:1000. ஜெராக்ஸ் எடுக்கும்போதும் அளவு மாறலாம்.

இதற்கு இரண்டு வழி. வரைபடம் போடுபவரிடம் ஓரத்தில் ‘0 – 10 – 20 – 50 மீட்டர்’ என்று அளவுப் பட்டை ஒன்று வரையச் சொல்லலாம். தாள் சுருங்கினால் பட்டையும் சேர்ந்து சுருங்கும். அதை வைத்து அளந்தால் கணக்கு மாறாது. இரண்டாவது, கோட்டின்மேல் அளவு எழுதியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும், ஸ்கேல் வைக்கவே கூடாது. சர்வே எண்ணுக்கான புலப்படத்துக்கும் இதுவே விதி. வரப்புக் கோட்டின்மேல் எழுதியிருக்கும் எண்தான் கணக்கு. வீட்டில் அச்செடுத்த புலப்படத்தை ஸ்கேலால் அளந்துவிட்டு, பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறுக்குப் போவது ஆகாது.

வெட்டும் முன் ஐந்து கேள்விகள்

* கோப்பு பி.டி.எஃப். ஆக வந்ததா, போட்டோவாக வந்ததா?
* தாள் ஏ4 தானா, ‘லெட்டர்’ ஆக இருக்கிறதா?
* ‘ஃபிட்’ நிறுத்தப்பட்டு, 100 சதவிகிதம் கொடுக்கப்பட்டதா?
* முதல் தாளில் குறுக்கும் நெடுக்கும் இரும்பு ஸ்கேலால் அளந்தாயிற்றா?
* ஒட்டிய பிறகு இரண்டு மூலைவிட்டமும் சமமா?

ஐந்துக்கும் சரியான பதில் கிடைத்த பிறகு கத்தரியைத் தகட்டில் வைக்கலாம். தவறாக அச்சான தாளைத் திருப்பிப் போட்டு பிள்ளைகள் கணக்குப் போடலாம். தவறாக வெட்டிய தகட்டுக்கு ஒவ்வொரு முறையும் இப்படி மாற்று வழி கிடைக்காது.